எண்ணப்படாத ஏழை: ஒரு படிப்பின் வரலாறும் நமது ஜகாத் பட்டியலும்

சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி ஒரு தந்தை வந்தார். அவருடைய மகள் சிறுவயதில் நம்மிடம் ஓதியவள். புள்ளியியலில் இளங்கலை முடித்திருந்தாள். மேற்படிப்பாகச் சமூகக் கொள்கையும் அளவுசார் ஆய்வுமுறைகளும் பயில விரும்புகிறாள், இடமும் கிடைத்துவிட்டது. தந்தைக்கோ தயக்கம்.

"ஹஜ்ரத், டாக்டர் படிப்பு என்றால் தெரியும். ஆசிரியர் படிப்பு என்றால் தெரியும். ஏழைகளை எண்ணுவதற்கு ஒரு படிப்பா? நம் ஊரில் யார் ஏழை என்று நமக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

அந்தக் கடைசிக் கேள்வி நம்மைச் சுட்டது. நமக்குத் தெரியாது என்பதை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நாம் அறிந்திருந்தோம்.

நம் மஹல்லாவில் ஜகாத் பெறுவோரின் பட்டியலை எழுதும் பொறுப்பு சில ஆண்டுகள் நம்மிடம் இருந்தது. ரமலானுக்கு முன்பு யார் யார் வந்து கேட்டார்களோ அவர்களை எழுதினோம். கூடவே, நிர்வாகிகள் சொன்ன பெயர்களையும் எழுதினோம். பட்டியல் நீளமாக இருந்ததால் அது நிறைவானது என்றும் நம்பினோம். ஒரு நாள், பள்ளிவாசலுக்கு அடுத்த தெருவில் ஒரு விதவைத் தாயின் மகள் பத்தாம் வகுப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு விசாரித்தோம். அந்த வீட்டில் பல மாதங்களாக ஒரு வேளைதான் அடுப்பு எரிந்திருக்கிறது. வாசலில் துவைத்த திரை தொங்கும், திண்ணை பெருக்கியிருக்கும். ஐந்து வேளையும் அந்த வாசலைக் கடந்துதான் நாம் தொழுகைக்குப் போவோம். அந்த அம்மா ஒருநாளும் வந்து கேட்டதில்லை. ஆகவே நமது பட்டியலில் அவர் இல்லை.

ஒன்றிரண்டு கவளத்துக்காக வாசல் வாசலாகச் சுற்றுபவர் அல்லர், தேவை இருந்தும் பிறர் கண்ணில் படாமல், கேட்காமல் இருப்பவரே உண்மையான மிஸ்கீன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஹதீஸ் நூல்களில் நாம் ஓதுகிறோம். அந்த ஹதீஸை அதே ஆண்டு மாணவர்களுக்குப் பாடமாகவும் நடத்தியிருந்தோம். பாடத்தில் பிழை இல்லை. பட்டியல் எழுதிய முறையில்தான் பிழை. கேட்காதவரைக் கண்டுபிடிக்க ஒரு முறை வேண்டும். அந்த முறையைத் தேடியவர்களின் வரலாற்றைத்தான் அந்தத் தந்தையிடம் சொன்னோம். அதையே இங்கு விரிவாக எழுதுகிறோம்.

இலண்டனின் வண்ண வரைபடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் உலகின் மிகச் செல்வமிக்க நகரம். அதன் கிழக்குப் பகுதியிலோ ஒரே அறையில் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. ஏழைகள் எத்தனை பேர் என்பதில் ஆளுக்கொரு பேச்சு. சிலர் பெருக்கினர், சிலர் சுருக்கினர். எவரிடமும் கணக்கு இல்லை.

லிவர்பூலைச் சேர்ந்த கப்பல் முதலாளி சார்லஸ் பூத் 1886-ஆம் ஆண்டு தம் சொந்தப் பணத்தில் அந்தக் கணக்கை எடுக்கத் தொடங்கினார். அக்காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்று பார்க்கக் கல்வி வாரியத்தின் ஊழியர்கள் வீடு வீடாகச் செல்வார்கள். ஒவ்வொரு தெருவின் நிலையும் அவர்களுக்கு மனப்பாடம். பூத்தும் அவருடைய உதவியாளர்களும் அவர்களை உட்காரவைத்துத் தெருத் தெருவாகக் கேட்டு எழுதினார்கள். பிறகு இலண்டனின் வரைபடத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் நிலைக்கேற்ப ஒரு வண்ணம் தீட்டினார்கள். மிக வறிய தெருக்களுக்குக் கறுப்பு, அடுத்த நிலைக்கு நீலம், செல்வர் தெருக்களுக்கு மஞ்சள். நடுத்தரக் குடும்பம் ஒன்றுக்கு வாரம் 18 முதல் 21 ஷில்லிங் என்பதை ஒட்டி அவர் வறுமைக் கோட்டை வரைந்தார். இலண்டன் மக்களில் 30.7 விழுக்காட்டினர் அக்கோட்டுக்குக் கீழே இருந்தனர்.

ஏழ்மைக்குக் குடியும் சோம்பலுமே காரணம் என்று அன்றைய செல்வர்கள் நம்பினர். பூத்தின் பதிவேடுகள் வேறு கதை சொல்லின. நிலையற்ற வேலை, குறைந்த கூலி, நோய், பெரிய குடும்பம் ஆகியவையே குடியைவிடப் பெரிய காரணங்களாக நின்றன. முதுமையும் அவ்வாறே. ஆதலால் முதியோர் அனைவருக்கும் ஓய்வூதியம் வேண்டும் என்று பூத் வாதாடினார்.

ஆனால் பூத்தின் முறையில் ஒரு குறை இருந்தது. அவர் வீட்டுக்காரரைக் கேட்கவில்லை. வீட்டை அறிந்தவரைக் கேட்டார். பள்ளி வயதுப் பிள்ளை இல்லாத வீடுகளைப் பற்றி அந்த ஊழியர்களுக்கு அதிகம் தெரியாது. அவற்றை மதிப்பிட்டுத்தான் எழுதவேண்டியிருந்தது. நிர்வாகிகள் சொன்ன பெயர்களை வைத்து நாம் பட்டியல் எழுதியதும் இதே குறைதான்.

யார்க் நகரின் ஒவ்வொரு கதவும்

அடுத்த அடியை வைத்தவர் சீபோம் ரவுன்ட்ரீ. யார்க் நகரில் சாக்லேட் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தவர். 1899-இல் அந்நகரின் உழைக்கும் மக்களின் வீடுகளுக்கே ஆள் அனுப்பினார். 11,560 குடும்பங்கள், 46,754 பேர். எத்தனை அறை, எத்தனை பேர், என்ன வேலை, எவ்வளவு கூலி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் குறிப்பெடுக்கப்பட்டது.

ஓர் உடல் உழைக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு உணவு வேண்டும் என்பதை அக்கால உணவியல் ஆய்வுகளிலிருந்து எடுத்து, அதன் விலையோடு வாடகை, உடை, எரிபொருள் ஆகியவற்றைச் சேர்த்து அவர் ஓர் அளவு கண்டார். மிகக் கடுமையான அளவு அது. அந்த வருமானத்தில் வாழும் குடும்பம் ரயிலுக்கோ செய்தித்தாளுக்கோ ஒரு காசும் செலவிட முடியாது. வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் அனுப்ப முடியாது. குடும்பத் தலைவர் ஒரு நாள்கூட நோயில் படுக்க முடியாது. அந்த அளவுக்கும் கீழே, யார்க் நகரின் மொத்த மக்கள்தொகையில் 9.91 விழுக்காட்டினர் இருந்தனர். இதை அவர் முதல்நிலை வறுமை என்றார். வருமானம் அந்த அளவைத் தொட்டும் வறுமை தெரியும் வீடுகளை இரண்டாம் நிலையில் சேர்த்தபோது மொத்தம் 20,302 பேர். நகரின் 27.84 விழுக்காடு.

முதல்நிலை வறுமையில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், நிரந்தர வேலை இருந்தும் கூலி போதாத குடும்பத்தினர். வேலை செய்தால் வறுமை தீரும் என்ற வாதம் அந்த ஓர் எண்ணில் உடைந்தது. ஓர் உழைப்பாளியின் வாழ்வில் வறுமை மூன்று முறை வந்து போகிறது என்பதையும் அவர் காட்டினார். தான் குழந்தையாக இருக்கும்போது ஒரு முறை, தன் பிள்ளைகள் சிறுவராக இருக்கும்போது ஒரு முறை, முதுமையில் ஒரு முறை. இன்று வறுமையில் இல்லாதவர் நேற்று இருந்திருப்பார், அல்லது நாளை இருப்பார்.

ரவுன்ட்ரீயின் நூல் 1901-இல் வந்தது. 1908-இல் பிரிட்டன் முதியோர் ஓய்வூதியச் சட்டம் இயற்றியது. 1909 ஜனவரி 1 முதல், 70 வயது கடந்த ஏழை முதியோருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. கணக்கெடுப்பு மட்டுமே இதைச் செய்தது என்று சொல்லமாட்டோம். தொழிற்சங்கங்களும் தேர்தல் அரசியலும் இருந்தன. ஆனால் மறுப்பவரின் வாயை அடைக்கும் சான்று அந்த ஏடுகளில் இருந்தது.

ரவுன்ட்ரீயிடமும் ஒரு குறை இருந்தது. இரண்டாம் நிலை வறுமையை அவருடைய ஆட்கள் வீட்டின் தோற்றத்தைக் கொண்டும் அக்கம்பக்கத்தார் பேச்சைக் கொண்டும் முடிவு செய்தனர். அழுக்கான வாசலும் கிழிந்த உடையும் வறுமையின் அடையாளங்களாகின. துவைத்த திரையைக் கண்டு நாம் ஏமாந்தது அப்போது நம் நினைவுக்கு வந்தது. கண்ணால் எடுக்கும் கணக்கு, தன்மானத்தோடு மறைக்கும் ஏழையைத் தவறவிடும்.

ஒரு பானைச் சோறு

ஒவ்வொரு வீட்டுக்கும் செல்வது பெரும் செலவு. பெரிய நகரங்களில் நடவாத காரியம். வழி காட்டியவர் ஆர்தர் பௌலி. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவர். 1912-இல் ரெடிங் நகரில் ஏறத்தாழ இருபது வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மட்டும் ஆய்வு செய்து, அதிலிருந்து நகரின் நிலையைச் சொன்னார். தம் முடிவில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதையும் கணக்கிட்டு எழுதினார்.

இது எப்படி இயலும்? நம் முன்னோர் சொன்னதுதான்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நோன்புக் கஞ்சி காய்ச்சுவோர் அறிவார்கள். அண்டாவைக் கலக்காமல் மேலாக ஓர் அகப்பை எடுத்தால் தண்ணீர்தான் வரும், அடியில் எடுத்தால் பருக்கைதான் வரும். நன்கு கலக்கிய பின் எடுத்தால்தான் ஓர் அகப்பை முழு அண்டாவின் பதத்தைச் சொல்லும். மக்களை அவ்வாறு கலக்க முடியாது. ஆகவே வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஆய்வாளரின் விருப்பத்திலிருந்து பிடுங்கி, ஒரு விதியிடம் ஒப்படைக்கிறார்கள். தெரிந்த வீடு, வசதியான வீடு, வாசலில் நின்று அழைக்கும் வீடு என்ற தேர்வு கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் சம வாய்ப்பு.

இந்த முறையைப் பயிற்றுவிக்கும்போது மாணவருக்கு ஒரு விதியைக் கண்டிப்பாகச் சொல்வார்கள். குறித்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைக் கேட்டு எழுதிவிடக் கூடாது. மீண்டும் அதே வீட்டுக்குப் போக வேண்டும். ஏன்? பகலில் பூட்டியிருக்கும் வீடு, தாயும் வேலைக்குப் போன வீடாக இருக்கலாம். கதவு திறக்காதவர்களை விட்டுவிட்டால், மிகவும் தேவையுள்ளவர்களே கணக்கிலிருந்து நழுவக்கூடும். ஒரு சாதாரணக் களவிதி போலத் தோன்றும் இதில் எவ்வளவு பெரிய நீதி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தியப் பணத்தில் வளர்ந்த ஒரு துறை

இந்த ஆய்வுகளை ஒரு பல்கலைக்கழகப் படிப்பாக மாற்றியதில் நம் நாட்டுப் பணத்துக்குப் பங்குண்டு என்பதைப் பலர் அறியார். 1912-இல், ஜாம்ஷெட்ஜி டாடாவின் இளைய மகன் சர் ரத்தன் டாடா, வறுமையின் காரணங்களையும் அதைத் தீர்க்கும் வழிகளையும் ஆராய்வதற்கென்று ஆண்டுக்கு 1,400 பவுண்டு வீதம் மூன்றாண்டுகள் தருவதாக முன்வந்தார். (அண்மையில் மறைந்த ரத்தன் டாடா வேறு; இவர் 1918-இலேயே மறைந்தவர்.) அந்தக் கொடையைக் கொண்டு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் ரத்தன் டாடா நிதியம் அமைந்தது. அதே ஆண்டில் அங்கு சமூக அறிவியல் மற்றும் நிர்வாகத் துறையும் உருவாயிற்று. பௌலி ரெடிங்கிலும் வேறு மூன்று ஊர்களிலும் செய்த ஆய்வு, அந்நிதியத்தின் சார்பில் 1915-இல் நூலாக வந்தது.

அத்துறையின் பிறப்பிலேயே ஒரு கருத்து மோதல் இருந்தது. தொண்டு அமைப்புகள் நடத்திவந்த ஒரு சமூகவியல் பள்ளியும் 1912-இல் அதனோடு இணைந்தது. உதவி கேட்டு வருபவரின் ஒழுக்கத்தை விசாரித்து, தகுதியுள்ள ஏழை யார், தகுதியற்ற ஏழை யார் எனப் பிரிப்பது அத்தொண்டர்களின் வழக்கம். மறுபக்கம், அக்கல்லூரியை 1895-இல் நிறுவியவர்களில் இருவரான சிட்னி வெப், பியட்ரிஸ் வெப் தம்பதியர், வறுமையின் வேர் தனிமனிதரின் குணத்தில் மட்டும் இல்லை; கூலியிலும் வேலையிலும் நோயிலும் இருக்கிறது என்றார்கள். பியட்ரிஸ் தம் இளமையில் பூத்தின் கணக்கெடுப்பில் பணியாற்றி, கிழக்கு இலண்டனைக் கண்ணால் கண்டவர். இந்த வழக்கு இன்றும் முடியவில்லை. "அவன் ஒழுங்காக உழைத்தால் என்ன?" என்ற குரல் நம் பைத்துல்மால் கூட்டங்களிலும் ஒலிக்கிறது. சில சமயம் அந்தக் குரல் நம்முடையதாகவும் இருந்திருக்கிறது.

அத்துறையின் தொடக்க ஆண்டுகளில் அங்கே விரிவுரையாளராக இருந்த ஓர் இளைஞரின் பெயர் கிளெமென்ட் அட்லி. கிழக்கு இலண்டனின் வறிய சிறுவர்களுக்கான மன்றம் ஒன்றில் ஊழியம் செய்தவர். அவரே 1945-இல் பிரதமரானார். நம் நாடு 1947-இல் விடுதலை பெற்றபோது அங்கு ஆட்சியில் இருந்தவர் அவர் என்பதை நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கிறார்கள். 1948 ஜூலை 5 முதல் அந்நாட்டு மக்கள் அனைவருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதாரச் சேவையும் அவருடைய ஆட்சியில்தான் தொடங்கியது. அதற்கு வித்திட்ட 1942-ஆம் ஆண்டு அறிக்கையை எழுதிய வில்லியம் பெவரிட்ஜ், 1919 முதல் 1937 வரை அதே கல்லூரியின் இயக்குநராக இருந்தவர்.

1950-இல் அத்துறையின் முதல் பேராசிரியராக அமர்ந்தார் ரிச்சர்ட் டிட்மஸ். அவரிடம் பல்கலைக்கழகப் பட்டமே இல்லை. இளம் வயதிலேயே பள்ளியை விட்டு, காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தராக இருந்து, பிறப்பு இறப்புக் கணக்குகளைத் தாமே படித்துத் தேர்ந்தவர். அரசு ஓர் உதவியை அறிவித்தால் அது உண்மையில் யாரைச் சென்றடைகிறது, யாருக்கு மறைமுகமாக இன்னும் அதிகம் கிடைக்கிறது என்று கேட்பதே இப்படிப்பின் உயிர் என்பதை அவர் நிலைநாட்டினார்.

கொள்கை என்னும் மறுபாதி

படிப்பின் பெயரில் இரண்டு பகுதிகள் உண்டு. அளவுசார் ஆய்வுமுறை என்பது எண்ணுவது எப்படி என்பது. சமூகக் கொள்கை என்பது, எண்ணிய பின் என்ன செய்வது, செய்ததால் என்ன விளைந்தது என்பது. இரண்டாவதை விளக்க, நமக்கு நன்கு அறிமுகமான ஒரு நிகழ்ச்சியை அந்தத் தந்தையிடம் நினைவூட்டினோம்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் மக்களின் பெயர்கள் பதிவேடுகளில் எழுதப்பட்டு உதவித்தொகை வழங்கப்பட்டது. குழந்தைகளுக்குப் பால்குடி மறந்த பின்னரே தொகை. ஓர் இரவு, மதீனாவுக்கு வந்து தங்கியிருந்த வணிகக் கூட்டத்துக்கு உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும் காவல் இருந்தபோது, ஒரு குழந்தை விடாமல் அழுதது. தாயிடம் விசாரித்தார்கள். கேட்பவர் யாரென்று அறியாத அப்பெண், பால் மறந்த குழந்தைக்குத்தான் உமர் தொகை தருகிறார், ஆகவே இதைச் சீக்கிரம் மறக்கடிக்கிறேன் என்றாள். அன்று ஃபஜ்ர் தொழுகையில் அவர்களின் அழுகையால் ஓதல் விளங்கவில்லை என்று இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். உடனே, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு, யாரும் அவசரப்பட்டுப் பால் நிறுத்த வேண்டாம் என்று அறிவிக்கச் செய்தார்கள்.

விதி நல்ல எண்ணத்தில் போடப்பட்டது. அதன் விளைவோ குழந்தைகளின் பசி. எண்ணம் நல்லது என்பதால் விளைவும் நல்லதாகிவிடாது. போய்ப் பார்க்க வேண்டும், தவறென்றால் மாற்ற வேண்டும். இன்றைய பல்கலைக்கழகங்களில் கொள்கை மதிப்பீடு என்ற பெயரில் இதைத்தான் பயிற்றுவிக்கிறார்கள். பூத்தும் பௌலியும் இதை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று நாம் பெருமை பேசவில்லை. அதற்குச் சான்று இல்லை. நம்மிடம் முன்மாதிரி இருந்தும் நாம் அதை முறையாக வளர்க்கவில்லை என்று வருந்துவதே பொருத்தம்.

கணக்கில் நேர்மைக்கும் நம்மிடம் ஒரு முன்மாதிரி உண்டு. இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை ஹுதைஃபா (ரலி) அறிவிக்கிறார்கள். ஓர் அறிவிப்பில் 1,500 பேர், வேறொன்றில் 500, இன்னொன்றில் 600 முதல் 700 வரை. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமக்கு உகந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிடவில்லை; வேறுபாட்டையும் அப்படியே பதிந்தார்கள். பௌலி தம் பிழையின் அளவைத் தாமே எழுதிவைத்ததைப் படித்தபோது நமக்கு இந்த ஒழுக்கமே நினைவுக்கு வந்தது.

நம்மைப் பற்றிய எண்கள்

இந்தியாவில் இக்கல்வியின் வேர்கள் 1930-களைச் சேர்ந்தவை. 1931-இல் கல்கத்தாவில் மஹலனோபிஸ் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1936-இல், சர் ரத்தன் டாடாவின் அண்ணன் சர் தோராப்ஜி டாடாவின் பெயரில் பம்பாயில் சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுவே. 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு பிறந்தது.

அந்த மரபின் கனியை நம் சமுதாயம் நேரடியாகக் கண்டது 2006-இல். நீதிபதி ராஜேந்தர் சச்சார் தலைமையில் 2005-இல் அமைந்த குழு, 2001 மக்கள்தொகைக் கணக்கையும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பையும் கொண்டு முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்தது. முஸ்லிம் பிள்ளைகளில் பெரும்பாலோர் மதரஸாக்களிலேயே படிக்கிறார்கள் என்ற பேச்சு அன்று பரவலாக இருந்தது. பள்ளி செல்லும் வயதுடையோரில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே மதரஸாக்களில் பயில்கிறார்கள் என்று குழு காட்டியது. முழுநேர மதரஸா வேறு, பள்ளிக்குப் போகும் பிள்ளை காலையிலோ மாலையிலோ ஓதவரும் மக்தப் வேறு என்று அது பிரித்துப் பார்த்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணினால் எண் பொய் சொல்லும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓதிக்கொடுக்கும் நாம் நூறு மேடைகளில் சொல்லியும் எடுபடாத உண்மையை, ஒழுங்காக எடுத்த ஓர் எண் சொல்லிவிட்டது.

அதே அறிக்கைக் காலத்துக் கணக்குகளில் நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. 2001-இல் இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு, நாட்டின் சராசரி 65 விழுக்காட்டை ஒட்டியது. தமிழ்நாட்டு முஸ்லிம்களிலோ அது ஏறத்தாழ 83 விழுக்காடு. மாநிலச் சராசரியைவிட அதிகம். அகில இந்திய எண்ணை மட்டும் பார்த்தவர் நம்மைத் தவறாக அறிவார். தமிழ்நாட்டு எண்ணை மட்டும் பார்த்து மகிழ்பவர் வடநாட்டுச் சகோதரரை மறப்பார். சராசரிக்குள் ஒளிந்திருப்பவரைத் தேடுவதும் இக்கல்வியின் வேலை.

எண்ணின் ஆபத்து

தந்தையிடம் ஒன்றை மறைக்காமல் சொன்னோம். இக்கல்விக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. நவீன புள்ளியியலின் முன்னோடிகளான பிரான்சிஸ் கால்டனும் கார்ல் பியர்சனும், மனிதருள் உயர்ந்த பிறப்பு, தாழ்ந்த பிறப்பு என்று தரம் பிரிக்கும் இனமேம்பாட்டுக் கொள்கையைப் பரப்பியவர்கள். இன்று உலகமெங்கும் மாணவர் பயிலும் சில கணக்கு முறைகள் அந்த நோக்கத்தின் நிழலில் வளர்ந்தவை. அவர்கள் பெயர் தாங்கிய கட்டடங்களுக்கு இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் 2020-இல்தான் வேறு பெயர் இட்டது.

ஆகவே எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் ஒரு முகம் இருக்கிறது என்ற அச்சம் வேண்டும். வீட்டின் நிலையை நம்பிச் சொன்னவரின் இரகசியம் அமானத். விருப்பமான முடிவுக்காக எண்ணை வளைப்பது பொய்ச் சாட்சி. இந்த அச்சத்தோடு வளர்ந்த பிள்ளைகள் அந்தத் துறைக்கு வேண்டாமா என்று அவரிடம் கேட்டோம்.

எண்ணைக் கண்டு அஞ்சுவது நமக்கு மட்டும் உரிய குறை அன்று. சமூகவியல் மாணவர்கள் கணக்கை விட்டு ஓடுகிறார்கள் என்று பிரிட்டனே கவலைப்பட்டு, 2013-இல் 1.95 கோடி பவுண்டு ஒதுக்கி 15 பல்கலைக்கழகங்களில் சிறப்புப் பயிற்சி மையங்களைத் தொடங்கியது. தேவை அங்கே அவ்வளவு என்றால், இங்கே எவ்வளவு!

தந்தை அன்று பதில் சொல்லவில்லை. மறுவாரம் மகளையே அழைத்து வந்தார். "படிக்கப் போவதற்கு முன் நம் பள்ளிக்கு ஒரு பட்டியல் எழுதித் தரச் சொல்லுங்கள் ஹஜ்ரத், பார்ப்போம்" என்றார்.

அவள் மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டாள். வசதியான வீடு, வசதியற்ற வீடு என்று பாராமல் எல்லாக் கதவையும் தட்டினாள்; பூட்டிய வீட்டுக்கு மஃரிபுக்குப் பின் மீண்டும் போனாள். கேள்வித்தாளில் "உங்களுக்கு ஜகாத் தேவையா?" என்று நாம் எழுதியிருந்த முதல் கேள்வியை அடித்துவிட்டாள். "மானமுள்ளவர் யாரும் இதற்கு ஆம் என்று சொல்லமாட்டார்கள், ஹஜ்ரத்" என்றாள். அதற்குப் பதிலாக, கடந்த வாரம் எத்தனை நாள் இரவு உலை வைத்தீர்கள், கடைசியாக மருந்து வாங்கியது எப்போது, பள்ளிக்குப் போகாத பிள்ளை யார் என்று கேட்டாள்.

நமது பழைய பட்டியலில் இல்லாத பெயர்கள் அவள் தாளில் இருந்தன. அவற்றுள் ஒன்று, மாலை வேளையில் மினாராவின் நிழல் விழும் வீடு. அந்த ரமலானில் ஜகாத் அந்த வீடுகளுக்கு இரவில், ஆள் அறியாமல், போய்ச் சேர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அவள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். நம் வாசகர்களில் பிள்ளைகளுக்கு எந்தப் படிப்பு என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோர் இதையும் எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பொறுப்பில் இருப்போர், இவ்வாண்டுப் பட்டியலை எழுதத் தொடங்கும் முன் ஒரு கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் இல்லாதவர் யார்? கேட்காதவரைத் தேடிச் செல்லும் அறிவையும் பணிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.